அறுபத்து நான்கு வீடுகளும் தேவகியின் கால்களும்

பசியாவரத்தில் உடற்பயிற்சி என்றால் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. அதைத் தாண்டி அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இருந்ததில்லை. பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு அது. வலை இழுக்கிறவனிடமும் படகு தள்ளுகிறவனிடமும் போய் உடம்பைக் கொஞ்சம் அசையுங்கள் என்று சொல்ல யாருக்கும் துணிவு வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து பழவேற்காட்டுக் கரையில் கையை வீசி நடக்கிறவர்களைப் பார்த்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்றுதான் தேவகி முதலில் நினைத்தாளாம். எதையும் தொலைக்கவில்லை, உடம்புக்காக நடக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும் அவளுக்கு இன்னும் பாவமாகிவிட்டது.

அந்தப் பாவம் இவ்வளவு சீக்கிரம் தன் பக்கம் திரும்பும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

தேவகிக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. கணவன் எல்லப்பன் ஏரியில் பிடித்ததையும், கடலுக்குப் போன படகுகளிலிருந்து காலையில் எடுத்ததையும் அலுமினிய அன்னக்கூடையில் அடுக்கி, படகில் பழவேற்காடு வந்து, முதல் பஸ்ஸில் காட்டூர் போய் இறங்குவாள். காட்டூர் விவசாய ஊர். ஏரி பக்கத்தில் இருந்தும் மீனுக்கு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர். பதினைந்து பதினாறு கிலோவைத் தலையில் வைத்து, மதியம் வரைக்கும் தெருத் தெருவாக நடப்பாள். ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும். இருபத்தெட்டு வருடம் அப்படி நடந்தாள். மழைக்காலத்தில் சேறு, சித்திரையில் தார் ரோடு என்பதைத் தவிர அதில் மாற்றம் எதுவும் கிடையாது.

மொத்தம் அறுபத்து நான்கு வீடுகள். ஒன்றைக்கூட எழுதி வைத்ததில்லை. எழுதத் தெரியாது என்பது ஒரு காரணம். தேவைப்படவில்லை என்பது பெரிய காரணம். மாட்டாஸ்பத்திரிக்கு எதிர்வீட்டில் மடவை மீன் என்றால் சினையோடு இருக்க வேண்டும். அதற்கு அடுத்த வீட்டுக்காரருக்கு இறால் தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். மனைவி ஊருக்குப் போயிருக்கிற நாளாகப் பார்த்து இறால் கேட்பார், கொடுக்கக் கூடாது. கோயில் தெருவில் மூன்று வீடுகளில் சனிக்கிழமை எட்டிப் பார்க்கக் கூடாது. சர்ச் தெருவில் தவக்கால வெள்ளிகளில் இறைச்சியைத் துறப்பவர்கள் அந்தத் துறவுக்கு ஈடாக மீனை இரட்டிப்பாக வாங்குவார்கள், அதற்குத் தக்கபடி கொண்டுபோக வேண்டும். யார் மாலை போட்டிருக்கிறார்கள், யாருக்கு வைத்தியர் கருவாட்டை நிறுத்தியிருக்கிறார், எந்த வீட்டு மருமகளுக்கு எத்தனையாவது மாதம், எல்லாம் அவள் தலைக்குள், கூடைக்கு நேர் கீழே இருந்தது.

இதில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நிறைந்த கூடையை ஒருத்தி தானாகத் தலையிலிருந்து இறக்கிவிட முடியாது. இன்னொரு கை வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாசலிலும் தேவகி குரல் கொடுத்துவிட்டு நிற்பாள். வீட்டுப் பெண் வெளியே வந்து எதிரில் நின்று இரண்டு கையாலும் கூடையைப் பிடித்து இறக்கிவிடுவாள். வியாபாரம் முடிந்ததும் தூக்கியும் விடுவாள். இரண்டு பெண்கள் ஒரு சாண் இடைவெளியில் முகத்துக்கு முகம் பார்க்கிற அந்த ஒரு கணத்தில் தேவகிக்கு அந்த வீட்டின் முழுச் செய்தியும் தெரிந்துவிடும். அழுத கண், தூங்காத கண், காதில் புது மாட்டல், இல்லாமல் போன மாட்டல், எல்லாம்.

தலைப்பிள்ளை பிறந்த வீடு என்றால் இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தத் தாய்க்குப் பால் ஊறுவதற்காக ஒரு பால்சுறா. கேட்காமலே கொண்டுபோவாள், காசு வாங்க மாட்டாள். சுறாவை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்து கொடுத்தால் குழந்தைக்குப் பால் பஞ்சமில்லை என்பது கரையோரத்தில் எல்லாரும் நம்புவது. காட்டூரில் இன்றைக்கு மீசை முளைத்துத் திரிகிற பையன்களில் பாதிப் பேர் தேவகியின் சுறாவில் வளர்ந்தவர்கள் என்று எல்லப்பன் சொல்வான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் கணிசமாக மிஞ்சும்.

கொரோனா வந்தது. பஸ் நின்றது. மகன் ரஞ்சித் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கி, பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டினான். பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் பக்கத்தில் சிநேகிதன் வீட்டில் அதை நிறுத்திக்கொண்டான். மருமகள் திவ்யா, காட்டூர் வீடுகளையெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாகச் சேர்த்தாள். காலையில் மீனைப் படம் பிடித்துப் போட்டால் யாருக்கு எது வேண்டும் என்று பதில் வந்துவிடும். காட்டூர் டீக்கடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தேவகி உட்கார்ந்திருப்பாள். வர முடிந்தவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். வர முடியாத வீடுகளுக்கு ரஞ்சித் போவான். சில நாள் அவளும் பின்னால் உட்கார்ந்து போவாள். ஆறு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

அவளுக்கு மூட்டுவலி நின்றது. கழுத்துவலி நின்றது. இருபத்தெட்டு வருடம் உழைத்தது போதும், உட்காரும்மா என்று பிள்ளை சொன்னபோது கண்ணீர் விட்டாள். அந்தக் கண்ணீரில் பிழை ஒன்றும் இல்லை. பிள்ளை பாசமாக இருந்தால் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் பதினான்கு கிலோ கூடினாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்லா இருக்கே என்றார்கள்.

அதே இரண்டு வருடத்தில் வேறொன்றும் நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது. படகிலிருந்து இறங்கிய பிறகு கூடை படகிலேயே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி எதிரே வந்து நிற்கிற பெண்ணைப் பார்ப்பாள். முகம் தெரியும், எந்தத் தெரு என்பது வராது. நாற்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் இது நடக்கிறதுதான் என்று சிரித்துவிட்டுப் போகலாம். தேவகியால் சிரிக்க முடியாததற்கு அவள் அம்மா பச்சையம்மா காரணம். பச்சையம்மாவும் மீன் விற்றவள். அறுபது தாண்டியதும் மறக்கத் தொடங்கி, கடைசி இரண்டு வருடம் தேவகியைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு பேசினாள். ஒரு நாள் கெளுத்தி ஒன்றைக் கையில் எடுத்து, இது இன்னா பூவு என்று கேட்டாள். இப்போது, உப்பு இரண்டு முறை விழுந்த ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி அவளுக்குக் கேட்டது.

அந்த வருடம் கார்த்திகையில் காட்டூர் குளத்தங்கரைத் தெருவில் அர்ச்சனா என்ற பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போயிற்று. முதல் குழந்தை. செய்தி கேட்டுத் தேவகி அந்த வீட்டுக்குப் போய், அர்ச்சனாவின் மாமியார் மரியம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வந்தாள்.

தை மாதம் பிறந்தது. ஒரு நாள் கடல் படகில் நல்ல பால்சுறா ஒன்று வந்தது. தேவகி அதைப் பார்த்தாள். குளத்தங்கரைத் தெரு அர்ச்சனாவுக்குத் தையில் பிரசவ நாள் என்று அவள் ஆறு மாதத்துக்கு முன்பே மனத்தில் போட்டு வைத்திருந்தாள். அது அப்படியே இருந்தது. கார்த்திகை மட்டும் இல்லை. சுறாவை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ரஞ்சித்தின் பின்னால் ஏறி, அந்த வீட்டு வாசலில் போய், வண்டியை விட்டு இறங்காமலே குரல் கொடுத்தாள்.

"அர்ச்சனா, பால்சுறா கொண்ணாந்துகிறேன் கண்ணு. தலச்சன் புள்ளைக்கு நல்லா பால் ஊறட்டும்."

ரஞ்சித் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விஷயம் தெரியும், வாய்தான் எழவில்லை. அர்ச்சனா வெளியே வந்தாள். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே மரியம்மா வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கி எம்பக்கத்துல உக்காந்து அழுதது நீதானே தேவகி" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. ஒருவேளை வேறு யாரோ என்று சந்தேகம் வந்தவள் போலக் கேட்டாள்.

தலையில் கூடை இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதைத் தேவகி பின்னால் பல முறை சொன்னாள். அர்ச்சனா இறக்கிவிட எதிரில் வந்து நின்றிருப்பாள். அந்த முகத்தையும் அந்த வயிற்றையும் பார்த்த பிறகுதான் வாய் திறந்திருக்கும். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு வாய் முந்திக்கொள்கிறது.

மறுநாள் அவள் காட்டூருக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. காய்ச்சல் என்றாள். பத்து நாளாகியும் காய்ச்சல் போகாத வீட்டுக்கு மார்கரெட் வந்தாள். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற கிராமச் செவிலி அவள். ஊரில் அவளுக்குப் பெயர் சிஸ்டர். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இந்த அளவுக்குச் சர்க்கரையை வைத்துக்கொண்டு மீன் விற்பதற்குப் பதில் ஜிலேபி விற்கலாம் என்றாள். அந்தக் கேலியில் என்ன இருந்ததோ, எல்லப்பனிடமும் பிள்ளையிடமும் சொல்லாததையெல்லாம் தேவகி அவளிடம் சொன்னாள். அம்மாவைப் பற்றியும் சொன்னாள். மார்கரெட் கேலியை நிறுத்திவிட்டு, அந்த வாரமே பொன்னேரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

மருத்துவர் சின்னப் பெண். தேவகியின் மகள் வயது இருக்கலாம், மகள் இருந்திருந்தால். ரத்தம், அழுத்தம், தூக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, குடை, கதவு, மாம்பழம் என்று மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றாள். பிறகு ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயரைச் சொல்ல முடியும் என்றாள். மாடு, ஆடு, நாய் என்று மூன்றோடு தேவகி நின்றுவிட்டாள். மீன் சொன்னால் பரவாயில்லையா என்று கேட்டாள். மருத்துவர் பெருந்தன்மையாகச் சரி என்றுவிட்டாள். அந்த நிமிடம் முடிவதற்குள் மருத்துவருக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. முப்பத்தெட்டா நாற்பத்தொன்றா என்று மார்கரெட்டும் அவளும் சிறிது நேரம் வாதாடினார்கள். ஆனால் அந்த மூன்று வார்த்தைகளில் தேவகிக்குத் திரும்ப வந்தது மாம்பழம் மட்டும்தான்.

மருத்துவர் சொன்னதன் சாரம் இது. அம்மாவுக்கு வந்ததுதான் வந்திருக்கிறது என்று இப்போது சொல்ல எந்த அடையாளமும் இல்லை. வரவே வராது என்று சொல்லவும் தன்னால் முடியாது. சர்க்கரையும் அழுத்தமும் ஏறி, தூக்கம் கெட்டு, பயமும் சேர்ந்தால் யாருக்கும் மறக்கும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது எழுபதில் மூளை எப்படி இருக்கும் என்பதை ஓரளவு மாற்றும். ஓரளவுதான். இதயத்துக்கு நல்ல ரத்த ஓட்டம் வேண்டும் என்றால் மூளைக்கும் அதே ரத்தம்தான். ஆகவே மாத்திரை, சோறு குறைப்பு, அதோடு தினமும் மூச்சு சற்று வாங்குகிற வேகத்தில் நடை.

தேவகிக்கு இதில் அநியாயம் தெரிந்தது.

"இருவத்தெட்டு வருசமா நடந்துகினுதானே டாக்டரம்மா இருந்தேன்."

"எப்ப நிறுத்தினீங்க?"

"கொரோனாவுல."

"மறதி எப்ப ஆரம்பிச்சது?"

தேவகி விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். மார்கரெட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மருத்துவரும் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டாள், நல்ல பெண்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் தேவகி நடக்கத் தொடங்கினாள். தீவைச் சுற்றி மணலில், கையை வீசிக்கொண்டு. இங்கே மருத்துவர் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று வந்தது. பசியாவரத்தில் ஒரு பெண் வெறுங்கையோடு வேகமாக நடந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: புருஷனோடு சண்டை, கோபித்துக்கொண்டு படகுத்துறைக்குப் போகிறாள். முதல் நாள் மூன்று பெண்கள் வழிமறித்துச் சமாதானம் சொன்னார்கள். இரண்டாம் நாள் எல்லப்பனின் வலைக் கூட்டாளி குப்பன் அவளைக் கையோடு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, வலை பின்னிக்கொண்டிருந்த எல்லப்பனிடம், இந்த வயசுல அண்ணியைத் தெருவுல வுடறியே உனக்கு வெக்கமா இல்லியா என்று கேட்டான். எல்லப்பன் டாக்டர் சொன்ன கதையைச் சொன்னான். இப்படி ஒரு சாக்கை இதுவரைக்கும் எவனும் சொன்னதில்லை என்று குப்பன் வியந்தான்.

மூன்றாம் நாள் அவள் காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சமாதானம் நின்றது. ஆனால் எல்லாரும் கூடைக்குள் எட்டிப் பார்த்து, மீனவர் தீவிலேயே மீன் விற்கக் கிளம்பிவிட்டாளா என்று கேட்டார்கள்.

"இன்னாமே இது. நீ நடக்கறதுக்கு ஊர்ல நான் குத்தவாளியா கீறேன்" என்றான் எல்லப்பன். "பேசாம காட்டூருக்கே போ. அங்க நீ நடந்தா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

"அந்தத் தெருவுக்கு எப்படிய்யா போவேன்?"

"அந்தத் தெருவ வுட்டுட்டு மத்த தெருவுக்குப் போ. எல்லாத் தெருவும் உன்னுதுதானே."

நியாயமான யோசனை. நியாயமான யோசனைகள் எல்லப்பனிடமிருந்து வருடத்துக்கு ஒன்று வரும். அந்த வருடத்துக்கானது அது.

ரஞ்சித் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. திவ்யாவின் குழுவும் அப்படியே இருந்தது. டீக்கடை ஓரத்தில் ஐஸ் பெட்டியோடு அவன் நிற்பான். தேவகி அங்கே இறங்கி, ஆறேழு கிலோ மட்டும் கூடையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போவாள். கூடை காலியானால் திரும்பி வந்து நிரப்பிக்கொள்வாள். ஆளுக்குப் பழையபடி கால் வேண்டும், மீனுக்குப் புதியபடி ஐஸ் வேண்டும், இரண்டுக்கும் சண்டை இல்லை என்று ஆயிற்று. முதல் வாரம் மூச்சு வாங்கியது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடச் சுவரோரம் இரண்டு முறை உட்கார்ந்தாள். இரண்டாவது வாரம் ஒரு முறை.

குளத்தங்கரைத் தெருவில் ஒன்பது வீடுகள். கோயில் தெருவிலிருந்து சர்ச் தெருவுக்கு அதன் வழியாகப் போனால் ஐந்து நிமிடம். தேவகி குளத்தை முழுதாகச் சுற்றிக்கொண்டு போனாள். போக வர ஒரு கிலோமீட்டர் கூடுதல். குற்ற உணர்ச்சி நடைக்கு மிகவும் நல்லது. மருத்துவர்கள் அதை ஏனோ சீட்டில் எழுதித் தருவதில்லை. அந்த ஒன்பது வீடுகளுக்கும் ரஞ்சித்தே கொண்டுபோய்க் கொடுத்தான்.

நடக்க நடக்க வீடுகள் திரும்பி வந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வராத பெயர், அந்த வீட்டுக் குழாயடியைத் தாண்டும்போது தானாக வந்தது. வேப்பமரத்து நிழலில் கால் வைத்ததும் இவங்களுக்குத் தலை வேண்டாம், வால் துண்டு என்பது வந்தது. அறுபத்து நான்கையும் அவள் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை போலும். வழியெல்லாம் வைத்துவிட்டு வந்திருந்தாள், போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லாம் வந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். ஒரு நாள் மாட்டாஸ்பத்திரி எதிர்வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரருக்கு இறாலைக் கொடுத்துவிட்டாள். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு இரண்டு நாள் சொறிந்தார். அவர் மனைவி மட்டும் தேவகியைக் கோபித்துக்கொண்டாள்.

எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கினாள். சர்க்கரையும் இறங்கியது. இரவு படுத்தால் காலையில்தான் விழிப்பு. பொன்னேரியில் அதே மருத்துவர், அதே நாற்காலி. கடிகாரம், சாவி, ஆறு என்று மூன்று புதிய வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கேட்டாள்.

"குடை, கதவு, மாம்பழம்" என்றாள் தேவகி.

மருத்துவரின் பேனா நின்றது. மார்கரெட் கர்த்தரே என்றாள்.

"அது போன தபா கேட்டது" என்றாள் தேவகி. "அன்னைக்கி சொல்லாதது மனசுல உறுத்திகினே இருந்துச்சு, அதான் மொதல்ல குடுத்துட்டேன். இன்னைக்கி கேட்டது கடியாரம், சாவி, ஆறு."

மருத்துவர் சிரித்து முடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. எதனால் இந்த மாற்றம் என்று மார்கரெட் கேட்டாள். நடையா, மாத்திரையா, தூக்கமா, அல்லது பயம் விட்டதா என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்று மருத்துவர் ஒப்புக்கொண்டாள். பிரித்துச் சொல்ல முடியாததால் எதையும் நிறுத்த வேண்டாம் என்றாள். இதைவிட நேர்மையான மருத்துவக் கருத்தைக் கேட்பது கடினம்.

வரும் வழியில் பஸ்ஸில் தேவகி தன் நன்றிக் கணக்கைத் தொடங்கினாளாம். மார்கரெட் சொல்லித்தான் தெரியும். சிஸ்டருக்கு, டாக்டரம்மாவுக்கு, பிள்ளைக்கு, பிள்ளையின் ஸ்கூட்டருக்கு, நடுத்தெருவில் மானத்தை வாங்கிய குப்பனுக்கு, தன் முழங்காலுக்கு, அதிலும் குறிப்பாக இடது முழங்காலுக்கு. ஸ்கூட்டர்தானே உன்னை உட்கார வைத்தது, அதற்கு எதற்கு நன்றி என்று மார்கரெட் கேட்டாள். உட்கார்ந்ததால்தானே நடக்கத் தெரிஞ்சுது என்றாள் தேவகி. கொஞ்ச தூரம் போனதும், ஒன்பது வீடு இன்னும் கீது சிஸ்டர் என்றாள். ஆஸ்பத்திரியில் மூன்று வார்த்தை சொல்லிவிட்டதால் அந்தத் தெரு திறந்துவிடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று நாள் கழித்து, காலை ஒன்பது மணி இருக்கும், குளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவளின் எதிரில் அர்ச்சனா வந்து நின்றாள். கையில் துணிவாளி. துவைக்க வந்தவள் போல இருந்தது. வாளியில் துணி ஒன்றும் இல்லை.

"எங்க தெருவுக்கு மட்டும் கால் வராதா தேவகிம்மா?"

தேவகிக்குத் தலையில் கூடை. குனிய முடியாது, முகத்தைத் திருப்பவும் முடியாது. தலையில் சுமை இருக்கிறவளுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. நின்றாள். அர்ச்சனா வாளியைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் வந்து, இரண்டு கையாலும் கூடையைப் பிடித்து இறக்கினாள். ஒரு சாண் தூரத்தில் அந்த முகம். தேவகி முழுதாகப் பார்த்தாள்.

"அன்னைக்கி நீங்க குடுத்த சுறாவ நான் கொட்டல" என்றாள் அர்ச்சனா. "புட்டு செஞ்சு சாப்ட்டேன். ஒத்தையா உக்காந்து, முழுசையும்."

தேவகி கூடையின் மேல் துணியை இழுத்து மூடினாள்.

"எங்க வூட்ல யாரும் வாயே தொறக்கல தேவகிம்மா. அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே யாரும் சொல்லல. நான் அழுவேன்னு பயம். வாங்கி வெச்ச துணியெல்லாம்கூட எங்கியோ போயிருச்சு. நீங்க ஒருத்தர்தான் வாசல்ல வந்து தலச்சன் புள்ளைன்னு சொன்னீங்க."

"மறந்துபோய்தான் சொன்னேன் கண்ணு. எனக்கு அப்ப நெனப்பு சரியில்ல."

"தெரியும். தப்பாத்தான் சொன்னீங்க. ஆனா சொன்னீங்க."

ஊரே நினைவு வைத்துக்கொண்டு மறந்தது போல நடித்த விஷயத்தை, நிஜமாகவே மறந்த ஒருத்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்காக அவள் எட்டு மாதம் குளத்தைச் சுற்றியிருக்கிறாள். தேவகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முந்தானையில் மீன் உப்பு, கண் இன்னும் எரிந்தது. அர்ச்சனா தன் முந்தானையைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குளத்துப் படியில் கூடைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைப் பக்கமிருந்து ரஞ்சித்தின் ஹாரன் கேட்டது. தேவகி திரும்பவில்லை.

"சரி, இன்னா மீன் வேணும்?"

"நீங்கதான் சொல்லணும்."

அவள் விளையாட்டாகக் கேட்டாளா, பார்க்கலாம் என்று கேட்டாளா என்று தேவகிக்குத் தெரியவில்லை. பொன்னேரியில் கேட்ட மூன்று வார்த்தைகளைவிட இது பெரிய பரீட்சையாகப் பட்டது. எழுந்து, கூடை இல்லாமல், அந்தத் தெருப் பக்கம் நாலைந்து அடி நடந்தாள். அர்ச்சனா வீட்டு நீல கேட் தெரிந்தது. முருங்கை தெரிந்தது.

"உனக்குக் கிழங்கா மீனு. சின்னதா, முள்ளு கம்மியா. உன் மாமியாளுக்கு மடவை, வாலு துண்டு. நண்டு உனக்கு ஒத்துக்காது."

"நண்டு ஒத்துக்காதது எங்க வூட்டுக்காருக்கு" என்றாள் அர்ச்சனா. "நான் நண்டு ஓட்டக்கூட வுட மாட்டேன்."

"மூணுக்கு ரெண்டு."

"மூணுக்கு ரெண்டு பாஸுதான்."

முதல் முறையாக இரண்டு பேரும் சிரித்தார்கள். நீல கேட்டுக்கு வெளியே மரியம்மா வந்து நின்று இந்தப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. கூப்பிடவில்லை. உள்ளேயும் போகவில்லை. கையில் மீன் சட்டி இருந்தது.

"தூக்கி வுடு கண்ணு" என்றாள் தேவகி.

அர்ச்சனா குனிந்து பிடித்தாள். ஒரே மூச்சில் கூடை தலைக்கு ஏறியது. தேவகி சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, இடது முழங்காலை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, குளத்தைச் சுற்றாமல் தெருவுக்குள் திரும்பினாள். மரியம்மா வாசலில் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கூடையை இறக்க இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். அதற்கப்பால் இன்னும் எட்டு வீடுகள் இருந்தன.